பிடிக்கிறவளுக்கு நட்சத்திரம் இல்லை

மருத்துவமனையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி, நான் முன்பு வேலை பார்த்த வார்டிலிருந்து பிரியா போன் செய்தாள். "விருது வாங்கின அனுபவத்தப் பத்தி எழுதுங்கக்கா, ரெண்டு பக்கம் போதும்" என்றாள். நான் விருது எதுவும் வாங்கவில்லையே என்றேன். "நீங்க ரிட்டயர்டு ஆனப்ப மேடையில கண்ணாடி ஷீல்டு குடுத்தாங்களே?" என்றாள். அது வேலையை விட்டுப் போகிற எல்லோருக்கும் கொடுப்பது. ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் கொடுத்தார்கள், கேன்டீன் மாஸ்டருக்கும் கொடுத்தார்கள்.

இந்த வருடத்திலிருந்து விருது கொடுக்கும் முறையை மாற்றுகிறார்களாம். சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் பெற்றோர் தங்கள் போனில் படம்பிடித்தால் ஊழியர்களின் பெயர்கள் வருமாம். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று போட்டுவிட்டுப் போகலாமாம். பிரியா சந்தோஷமாகச் சொன்னாள். பழைய முறை எப்படி இருந்தது, அதில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் அங்கே இப்போது அதிகம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மேடையில் ஷீல்டு வாங்கியபோது இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

நான் கோவளத்தில் பிறந்து செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். படிப்பு பத்தாவது வரை. வீட்டுக்காரருக்குத் தையல் கடை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் குழந்தைகள் மருத்துவமனையில் வார்டு உதவியாளராகச் சேர்ந்தேன். தரை துடைப்பது, படுக்கை மாற்றுவது, பால் புட்டி கொதிக்க வைப்பது என்று முதல் சில வருடங்கள் போயின. பிறகு ஒருநாள் எஸ்தர் சிஸ்டர் என்னைச் சிகிச்சை அறைக்குக் கூப்பிட்டு, "மும்தாஜ், இனிமே நீ பிடிக்கிற முறையில இருக்கே" என்றார். அன்றிலிருந்து தோள்பட்டை வலியால் முன்கூட்டியே வேலையை விடும்வரை அதுதான் என் வேலை.

பிடிப்பது என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு மருந்தோ தண்ணீரோ நரம்பு வழியாக ஏற்ற வேண்டுமென்றால், கையிலோ காலிலோ மெல்லிய குழாய் ஒன்றை ஊசியால் உள்ளே வைப்பார்கள். அதற்கு லைன் என்று பெயர். பெரியவர்கள் கையை நீட்டிக்கொண்டு படுப்பார்கள். குழந்தை படுக்காது. உதைக்கும், கடிக்கும், வில்லாக வளையும். டாக்டரோ சிஸ்டரோ ஊசி வைக்கிற அந்த நேரம் மட்டும் குழந்தையின் கை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எஸ்தர் சிஸ்டர் அதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். படுக்கையில் வைத்து ஒரு குழந்தைக்கும் ஊசி குத்தக்கூடாது. எவ்வளவு அவசரம் என்றாலும் சிகிச்சை அறைக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். படுக்கை என்பது யாரும் குத்தாத இடம் என்று குழந்தை நம்ப வேண்டும். போர்வையைக் குறுக்காக மடித்துப் போட்டு, ஒரு கை மட்டும் வெளியே இருக்கும்படி குழந்தையைச் சுற்ற வேண்டும். நம் முழங்கையை அதன் தொடைமேல் பாரம் விழாமல் வைத்து, ஒரு கையால் அதன் முழங்கைக்கு மேலேயும் மறு கையால் மணிக்கட்டுக்குக் கீழேயும் பிடிக்க வேண்டும். மூட்டுக்கு மேலும் கீழும் பிடிக்கலாம், மூட்டைப் பிடிக்கக்கூடாது. முகத்தைக் குழந்தையின் கண்ணுக்குப் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அது தலையால் முட்டினால் நம் மூக்கு உடையாத தூரத்தில்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஒழுங்கு, பொய் சொல்லக்கூடாது என்பது. வலிக்காது என்று சொல்லக்கூடாது. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்றும் சொல்லக்கூடாது. "வலிக்கும். அழு. கைய மட்டும் ஆட்டாத. முடிஞ்சதும் விட்டுடுவேன்" என்று சொல்ல வேண்டும். முடிந்த அந்த நொடியே விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டு ஓடவும் கூடாது. குழந்தை அழுது ஓயும்வரை அங்கேயே நிற்க வேண்டும், அது நம்மை அடித்தாலும்.

எஸ்தர் சிஸ்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வார்டு தாழ்வாரத்தில் வந்து நின்று, "இப்ப யாரு முறை?" என்று மட்டும் கேட்பார். உதவியாளர்கள் எல்லோரும் மாறி மாறிப் பிடிக்க வேண்டும். யார் முறையோ அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. தப்பு செய்தவர்களிடம்கூட அதே கேள்வியைத்தான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் ஒழுங்காக இருந்தோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நிர்வாக அதிகாரி பாஸ்கர் சார் நட்சத்திரப் பலகையைக் கொண்டுவந்தார். அவர் நல்ல மனிதர். குழந்தைகள் மருத்துவமனையில் யார் சிறந்த ஊழியர் என்று பெரியவர்கள் தீர்மானிக்கக்கூடாது, குழந்தைகளே தீர்மானிக்கட்டும் என்று நினைத்தார். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை வைத்து எங்கள் எல்லோருடைய படத்தையும் ஒட்டினார்கள். குணமாகி வீட்டுக்குப் போகிற குழந்தையின் கையில் தங்கநிற நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்று கொடுப்பார்கள். அதற்கு யாரைப் பிடித்ததோ அவர் படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டுப் போகலாம். ஆண்டு விழாவில் அதிக நட்சத்திரம் வாங்கியவருக்கு விருது.

முதல் வருடம் பில் கவுண்டரில் இருந்தவர் வாங்கினார். மேசை டிராயரில் பிஸ்கட் வைத்திருப்பார். அடுத்த வருடம் விளையாட்டு அறையில் பொம்மை வைத்துக் கதை சொல்ல வருகிற பெண். எனக்கு நட்சத்திரமே விழவில்லை என்று சொல்ல முடியாது. மதுராந்தகத்துப் பையன் ஒருவன் என் படத்துக்குக் கீழே ஒட்டாமல் என் கண்மேலேயே ஒட்டிவிட்டுப் போனான். வாட்ச்மேன் துரை அதைப் பார்த்துவிட்டு, "யக்கா, உன்ன இனிமே பாக்கவே கூடாதுன்னு மூடி வச்சிட்டுப் பூட்டாம்பா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிடிக்கிறவளுக்கு யார் நட்சத்திரம் கொடுப்பார்கள்?

அது விளையாட்டாக இருந்தவரை ஒன்றுமில்லை. அடுத்த விழாவில் பாஸ்கர் சார் இன்னொன்றை அறிவித்தார். ஒப்பந்தத்தில் இருக்கிற உதவியாளர்களில் இனி வருகிற வருடத்தில் யார் அதிக நட்சத்திரம் வாங்குகிறாரோ அவரை நிரந்தரமாக்குவார்கள். எல்லோரும் கைதட்டினோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவி கைதட்டவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, இது நெசமா?" என்று கேட்டாள்.

தேவி மாமல்லபுரத்துக்குப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வருகிறவள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, பாதி நாள் நின்றுகொண்டே வருவாள். வருடா வருடம் ஒப்பந்தம் முடியும்போது அடுத்த வருடம் உண்டா இல்லையா என்று தெரியாமல் முகம் வாடிப்போவாள். ஆனால் குழந்தைகளிடம் அவளுக்கு இருந்த கை எங்கள் யாருக்கும் இல்லை. லைன் ஒட்டிய பிளாஸ்திரிமேல் பேனாவால் மீன் வரைவாள். மீனுக்குப் பெயரும் வைப்பாள். மருந்து குடிக்காத குழந்தை அவள் கொடுத்தால் குடிக்கும். விருதுக்கு அவளைவிடப் பொருத்தமானவள் கிடையாது. ஒரே ஒரு இடைஞ்சல். பிடிக்கிற முறை அவளுக்கும் வரும்.

ஒருமுறை பிடித்தால் அந்தக் குழந்தை அவளிடம் மீன் கேட்காது. இதை அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள். அவள் மட்டுமில்லை, மற்ற ஒப்பந்தப் பெண்களும்தான். ஊசி என்று காதில் விழுந்தால் ஒருத்தி துணி கொண்டுபோவாள், ஒருத்திக்கு லேபில் வேலை வந்துவிடும். நிரந்தரமாக இருந்த எங்கள் சிலர் தலையில்தான் எல்லாம் விழுந்தது.

தேவி ஓடவில்லை. நேரே என்னிடம் வந்து கேட்டாள். "யக்கா, விழா வர்ற வரைக்கும் என் மொறைய நீ புடிச்சிக்கயேன். உனக்குத்தான் எப்டியும் ஸ்டாரு வுயாது."

"அதுக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவியா?"

"உங்கிட்ட இன்னாக்கா மறைக்கிறது? பர்மனென்ட் ஆயிட்டா லோன் தருவாங்க. வூட்டுக் கூரைய பாத்துகினே எத்தினி மயைய ஓட்டுறது?"

சரி என்றேன். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. தோள் மட்டும் அப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது. எஸ்தர் சிஸ்டர் தாழ்வாரத்தில் நின்று "இப்ப யாரு முறை?" என்று கேட்கும்போது, "நான்தான் சிஸ்டர்" என்பேன். அவர் என்னைப் பார்ப்பார், தூரத்தில் நிற்கிற தேவியைப் பார்ப்பார். சிகிச்சை அறைக் கதவைத் திறந்துவிடுவார். மழைக்காலம் பிறக்கும்போது தேவியின் படத்துக்குக் கீழே நட்சத்திரம் ஒட்ட இடமில்லாமல் பக்கத்துப் படத்தின் ஓரம்வரை போயிருந்தது.

மழையோடு டெங்கு வந்தது. திருப்போரூரிலிருந்து கிஷோர் என்ற பையனைக் கொண்டுவந்தார்கள். ஒன்றாம் வகுப்பு. அப்பா கோயில் வாசலில் பூக்கடை. காய்ச்சல் இருந்தவரை வார்டையே வாயாலேயே ஆட்டிவைத்தான். தேவியைக் கண்டால் விடமாட்டான். தன் லைனில் வரைந்த மீனுக்கு சுறா என்று பெயர் வைத்து, பக்கத்துப் படுக்கைகளின் மீன்களையெல்லாம் அது தின்றுவிட்டதாகச் சொல்லிச் சண்டை போடுவான்.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து. காய்ச்சல் போய்விட்டதென்று அவன் அம்மா சிரித்துக்கொண்டிருந்த அன்று மத்தியானம் அவன் கைகால் ஜில்லென்று ஆனது. பேச்சு நின்றது. எஸ்தர் சிஸ்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். அதே நேரம் லைன் இருந்த கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது. ஏற்றுகிற தண்ணீர் நரம்புக்குள் போகவில்லை. உடனே வேறு லைன் வைக்க வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்திருக்கிற நேரத்தில் நரம்பு வெளியே தெரியாது.

"இப்ப யாரு முறை?" என்றார் சிஸ்டர். தேவியின் முறை. "நான்தான் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தூக்கும்போது துணிபோலக் கிடந்தவன் மேசைமேல் வைத்து ஊசியைக் கண்டதும் எங்கிருந்தோ பலம் வந்து துள்ளினான். டாக்டர் நிவேதா சின்னப் பெண், கைராசியான பெண். வீங்காத கையில் பார்த்தார், கிடைக்கவில்லை. அதே கையில் வேறு இடத்தில் நரம்பு கிடைத்த நேரம் பையன் உடம்பை முறுக்கினான், அதுவும் போயிற்று. என் தோள் விண்ணென்று இழுத்தது. "தேவிக்கா! தேவிக்காவ கூப்புடு! தேவிக்கா!" என்று கத்தினான். அந்த நிலைமையில் அவன் கத்தக்கூடக் கூடாது.

சிஸ்டர் தேவியைக் கூப்பிடவில்லை. கூப்பிடச் சொல்லி என்னிடமும் சொல்லவில்லை. ஏன் என்று பிறகும் நான் கேட்டதில்லை. அவருக்குப் பலகையும் தெரியும், கூரையும் தெரியும். காலில் பார்க்கலாம் என்று டாக்டரிடம் சொல்லி விளக்கைத் திருப்பினார்.

கதவு திறந்தது. தேவி தானாகவே உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். அவளைப் பார்த்ததும் பையன் அழுகையை நிறுத்தினான்.

"தேவிக்கா, வாணாம்னு சொல்லுக்கா."

"சொல்ல மாட்டேன் கிஷோரு. நான்தான் உன்ன புடிக்கப் போறேன். வலிக்கும். நீ அயுவு. கால மட்டும் ஆட்டாத. முட்ஞ்சதும் வுட்டுடுவேன்."

அவன் அவளை அப்படியே பார்த்தான். நான் நகர்ந்துகொண்டேன். அவள் போர்வையை அவிழ்த்து மறுபடி சுற்றி, முட்டிக்கு மேலும் கணுக்காலுக்குக் கீழும் பிடித்தாள். அவன் உடம்பு மரக்கட்டைபோல விறைத்தது, ஆனால் ஆடவில்லை. ஊசி போகும்போது கத்தவில்லை. கண்ணை மட்டும் அவள் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. டாக்டர் "கிடைச்சிடுச்சு" என்றார். சிஸ்டர் தண்ணீரை வேகமாக ஏற்றினார். தேவி உடனே கையை எடுத்தாள்.

"நீ போ" என்றான் கிஷோர்.

"போறேன். நீ அயுது முடி. அப்பால போறேன்."

"நீ போ!"

அவள் போகவில்லை. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மாலைக்குள் கை சூடேறியது. சிறுநீர் கழித்தான். பிழைத்துக்கொண்டான்.

பிழைத்தவன் வாயும் பிழைத்துக்கொண்டது. அடுத்த நாளே வார்டு முழுக்க, "தேவிக்காதான் ஊசி போடப் புடிக்கிறவங்க" என்று சொல்லிவிட்டான். குழந்தைகளுக்குள் செய்தி போகிற வேகம் பெரியவர்களுக்குள் கிடையாது. மீன் வரைய அவள் பேனாவை எடுத்தால் கையை இழுத்துக்கொண்டார்கள். எஸ்தர் சிஸ்டரின் கேள்விக்கு அதற்குப்பிறகு தேவியே பதில் சொல்ல ஆரம்பித்தாள். இனி ஒளிந்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தாளோ என்னவோ.

கிஷோர் வீட்டுக்குப் போகிற அன்று நாங்கள் சிலர் வாசலுக்குப் பக்கத்தில் வேலை இருக்கிறாற்போல நின்றோம். தேவியும் நின்றாள். அவன் அம்மா குனிந்து, "தேவியக்காவுக்கு ஒட்டுடா கண்ணு, உன்ன காப்பாத்துனாங்க" என்றாள். அவன் பலகையை மேலிருந்து கீழே பார்த்தான். விறுவிறுவென்று வாட்ச்மேன் துரையின் படத்துக்குப் போய் ஒட்டினான். துரை அண்ணாத்த அவனுக்கு விசில் ஊதக் கொடுத்திருக்கிறார். அவனைப் பார்த்து மற்றவர்களும் விசில் ஊதினார்கள், அங்கேயே ஒட்டினார்கள். தேவிக்கு அதற்குப்பிறகு ஒரு நட்சத்திரமும் விழாததால், ஒப்பந்தக்காரர்களிலும் அவள் முதலாவதாக வரவில்லை. துணிப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய், குழந்தைகளுக்குப் பலூன் ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்தான் முதலில் வந்தாள்.

எஸ்தர் சிஸ்டர் பாஸ்கர் சாரின் அறைக்குப் போனார். என் ஷிப்ட் விஷயமாக என்னையும் கூட்டிப்போயிருந்ததால் நான் கதவோரம் நின்றேன். "பிடிக்கிறவங்க படத்த அந்த போர்டுல இருந்து எடுத்துடுங்க சார்" என்றார்.

"எடுத்துட்டா அவங்க பர்மனென்ட் ஆக வழியே இல்லாம போயிடுமே, சிஸ்டர்?"

"அப்ப அந்த வழிய வேற எதுலயாவது வைங்க."

"எதுல வைக்கிறது? நீங்களே சொல்லுங்க. நல்லா பிடிச்சாங்கன்னு யார் வந்து சொல்லப்போறாங்க?"

சிஸ்டர் தன்னைக் காட்டினார். "நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா ஒருதலைப்பட்சம்னு மத்தவங்க சொல்லுவாங்க. மேனேஜ்மென்ட்ல பேசிப் பார்க்கறேன்" என்றார். அவர் பேசியிருப்பார். பதில் வந்ததாகத் தெரியவில்லை.

விழா அன்று எங்களுக்கு டூட்டி. விழா மாடி அரங்கத்தில் நடந்தது. நாங்கள் கீழே சிகிச்சை அறையில் கைக்குழந்தை ஒன்றுக்கு லைன் வைத்துக்கொண்டிருந்தோம். தேவி பிடித்திருந்தாள். சிஸ்டர் ஊசியை வைக்கிற நேரத்தில் மேலே ஒலிபெருக்கியில் துரையின் பெயரைச் சொன்னார்கள். படபடவென்று கைதட்டல். குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. நரம்பு போய்விட்டது.

"ஜன்னலச் சாத்து மும்தாஜ்" என்றார் சிஸ்டர். சாத்தினேன். தேவி குழந்தையின் அடுத்த கையை எடுத்து மெதுவாகத் தேய்த்துச் சூடாக்கினாள். மேலே துரை அண்ணாத்த மைக்கில், "எனக்கு இன்னாத்துக்குங்க இது? நான் இன்னா வைத்தியமா பாக்குறேன்?" என்று சொல்ல, எல்லோரும் சிரிக்கிற சத்தம் மூடிய ஜன்னலைத் தாண்டியும் லேசாகக் கேட்டது. சிஸ்டர் மறுபடி ஊசியை வைத்தார். இரண்டாவது தடவை கிடைத்தது.

அந்த ஒப்பந்தம் முடிந்ததும் தேவி போய்விட்டாள். எஸ்தர் சிஸ்டர் ஓய்வு பெற்று கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். பிறகு நானும் வந்துவிட்டேன். இப்போது என்னால் அரிசி டப்பாவை மேல்தட்டில் வைக்க முடியாது.

பிரியா, உனக்கும் உன்னோடு இருப்பவர்களுக்கும் யோசனை சொல்ல எனக்குத் தெரியாது. பெற்றோர் மதிப்பெண் போடப்போகிறார்கள் என்றால் குழந்தைகள் போட்டதைவிட அது நியாயமாக இருக்கலாம். இருக்காமலும் போகலாம். பெற்றோருக்கும் தங்கள் பிள்ளையை அழவைத்த கைதானே நினைவில் நிற்கும். போன் கட்டம் ஒட்டுகிற அன்றும் யாராவது தாழ்வாரத்தில் நின்று "இப்ப யாரு முறை?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் தெரியும்.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காக மாமல்லபுரம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் நிற்கிற இடத்தில் தேவியைப் பார்த்தேன். நீலச் சீருடை போட்டிருந்தாள்.

"யக்கா! எப்டி கீற? தோளு எப்டி கீது?"

"இருக்கு. நீ எங்க இருக்கே?"

"கேளம்பாக்கத்துல ஒரு கம்பேனி. ஹவுஸ்கீப்பிங்கு. அங்க ஊசியும் கெடையாது, ஸ்டாரும் கெடையாது" என்று சிரித்தாள்.

"பர்மனென்ட்டா?"

"அங்கயும் கான்ட்ராக்ட்டுதான்."

கூரையைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பல வருடமாகக் கேட்க நினைத்த இன்னொன்றைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த அறைக்குள் வராமலே இருந்திருக்கலாம் என்று எப்போதாவது நினைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"நெனைக்காமயா? பஸ்ஸுல நின்னுகினு போறப்ப எல்லாம் நெனப்பேன்" என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பால அவன் என் பேரச் சொல்லி கத்துனது காதுல கேக்கும். போகாம இன்னா பண்ணியிருப்பேன், சொல்லு?" என்றாள்.

அதற்குள் பஸ் வந்தது. "வரேன்க்கா" என்று ஓடிப்போய் ஏறினாள். உட்கார இடமில்லை. மேலே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் திரும்பும்வரை ஜன்னல் வழியாக அவள் கைகள் மட்டும் தெரிந்தன.